அறைத்தோழிகளுக்குத் தெரியட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

பாப்பாவுக்கு இங்கே ஷெஃபீல்டில் எம்.எஸ்சி. இடம் கிடைத்துவிட்டதாக அத்தான் சொன்னார். சின்ன வயதிலிருந்து நாலு வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைத் தனியே அனுப்பலாமா என்று நீங்கள் தயங்குவதையும் சொன்னார். தாராளமாக அனுப்புங்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே மாணவர்களிடம் ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம் வாங்கிவிடுகிறார்கள். அதன்பின் அரசு மருத்துவச் சேவை ஊர்க்காரர்களைப் போலவே அவளையும் பார்த்துக்கொள்ளும். வந்த வாரமே குடும்ப மருத்துவரான ஜி.பி.யிடம் பதிவு செய்து, இன்சுலின் போடுகிறவர்களுக்கான கட்டண விலக்குச் சான்றிதழையும் வாங்கிவிட்டால் மருந்துக்குக் காசு இல்லை. கையில் ஒட்டிச் சர்க்கரை பார்க்கும் சென்சாரும் மருந்துச் சீட்டிலேயே வந்துவிடும்.

மூட்டை கட்டும்போது ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருங்கள். நம் ஊர்க் கடையில் வாங்கும் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சு அதற்கென்றே அளவு போட்டது. இங்கே வழக்கமாக 100 யூனிட். அங்கிருந்து கொண்டுவந்த சிரிஞ்சில் இங்குள்ள மருந்தை ஏற்றினால், பத்து என்று நினைத்துப் போடுவது இருபத்தைந்தாகிவிடும். ஆகவே அவள் பேனா இன்சுலினுக்கு மாறிவிட்டே விமானம் ஏறட்டும். மருந்து முழுவதும் கைப்பையில் இருக்க வேண்டும், டாக்டர் கடிதத்தோடு. சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோனால் அந்த இன்சுலின் பிறகு உதவாது.

இங்கே மீட்டர் காட்டும் எண்ணும் வேறு. நம் 126 இங்கே 7. பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், பதற்றம் குறையும். நாலுக்குக் கீழே போனால்தான் 'லோ'.

அந்த லோவைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தது. எங்கள் மாடியறையில் தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் தங்கிப் படித்தான். அவனுக்கும் இதே முதல் வகைச் சர்க்கரைதான். இந்த ஊர் முழுக்க மேடு. நூலகத்திலிருந்து நடந்து வந்தவன் ஒருநாள் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். வெளியே பனி, அவன் நெற்றியிலோ முத்து முத்தாக வியர்வை. கையுறையைக் கழற்றத் தெரியாமல் விரல் விரலாக இழுத்துக்கொண்டிருந்தான். "சாப்பிட்டியாப்பா?" என்றால் பஸ் நம்பரைச் சொல்கிறான். போனில் சென்சார் காட்டியது 2.9. ஒரு தம்ளர் ஆரஞ்சுச் சாறு கொடுத்துக் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருந்தோம். 3.4 தான் ஏறியிருந்தது. இன்னும் அரைத் தம்ளர் கொடுத்தோம். நாலைத் தாண்டிய பிறகு இரண்டு துண்டு ரொட்டி. அடுத்த அரை மணியில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டான்.

எங்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் அவ்வளவு சுலபமாக முடிந்தது. இதே தள்ளாட்டம் வெள்ளிக்கிழமை ராத்திரி தெருவில் வந்திருந்தால், குடித்திருக்கிறான் என்று எல்லோரும் விலகிப் போயிருப்பார்கள். பாப்பா குடிக்கப் போவதில்லை என்பீர்கள். ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஈரல் மதுவைக் கரைக்கும் வேலையில் இறங்கிவிட்டால் சர்க்கரையை வெளிவிடுவது தடைப்படும், பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் லோ வரும். விருந்துக்குப் போய்வந்து தூங்குகிறாள் என்று அறைத்தோழிகள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடக் கூடாது, அக்கா.

அதனால் முதல் வாரமே கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சாறு எங்கே இருக்கிறது, எழுப்பியும் எழுந்திருக்காவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும், இந்த இரண்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும். காய்ச்சல், வாந்தி என்றால் சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நிறுத்திவிடக் கூடாது. கீட்டோன் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவிலும் பதிவு செய்யட்டும். சென்சார் பேசுவது போனோடு. தேர்வறையிலோ போனுக்குத் தடை. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் அனுமதியும், லோ வந்தால் கூடுதல் நேரமும் ஏற்பாடு செய்து தருவார்கள்.

அவளுடைய எண்கள் மதுரையில் உங்கள் போனிலும் தெரியும்படி செய்யலாம். வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் போன் போடாதீர்கள். வகுப்பு நடுவில் அவளே பார்த்துச் சரிசெய்துகொண்டிருப்பாள். லோ என்று மணி அடித்து, அவளும் போனை எடுக்கவில்லை என்றால் மட்டும், எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் அவள் வாசலில் நிற்பேன்.

இத்தனை வருடமும் பெரியம்மா வீட்டுக்குக்கூடத் தெரியாமல் மறைத்து வைத்தீர்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் விசேஷ வீடுகளில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஊசி போட்டுப் பழகிய பெண் இங்கே வந்து முன்பின் தெரியாதவர்களிடம் எப்படி வாய் திறப்பாள்? அவள் கிளம்புமுன் பெரியம்மாவை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இலை போட்டதும் எல்லோர் முன்னாலும் அவள் பேனாவை எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். கேட்டால், நீங்களே பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை