மூணுல ஒண்ணு

நாலு நாளா சரியா தூக்கம் இல்லை. ரிலீஸ் எதுவும் இல்லை, நடுராத்திரி கால் எதுவும் இல்லை. காரணம், இப்ப என் லேப்டாப் பை மேல சுருண்டு படுத்திருக்கிற 650 கிராம் ஐட்டம். லேப்டாப் பைக்குள்ளதான் இருக்கு, எடுக்கத்தான் மனசு வரல. அதனால இதை அம்மாவோட போன்ல தட்டிக்கிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க மக்களே.

நாங்க இருக்கிறது மேற்கு மாம்பலத்துல ஒரு பழைய அபார்ட்மெண்ட். கீழே மோட்டார் ரூம்ல ஒரு மூணு கலர் பூனை குட்டி போட்டிருந்தது. மூணு குட்டி. ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு அம்மா மாதிரியே மூணு கலர், ஒண்ணு சுத்தக் கருப்பு. வாட்ச்மேன் அண்ணன்தான் முதல்ல காட்டினார். அப்ப கண்ணே திறக்கல. ரெண்டு மாசத்துல பார்க்கிங் முழுக்க அதுங்க ராஜ்ஜியம். செக்ரட்டரி மாமாவோட ஸ்கூட்டர் சீட்டைப் பிறாண்டி வச்சதோட வினை ஆரம்பிச்சது. அசோசியேஷன் வாட்ஸப் குரூப்ல மெசேஜ் வந்தது. ஞாயித்துக்கிழமைக்குள்ள யாராவது எடுத்துக்கலைன்னா, சாக்குல போட்டு மார்க்கெட் பக்கம் விட்டுட ஏற்பாடாம்.

சாக்குன்ற வார்த்தையைப் படிச்சதும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

2006. எனக்கு ஒம்போது வயசு. தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டி வீட்டுல, பரண்ல இருந்த தாத்தாவோட பழைய வேட்டி மேல ஒரு பூனை நாலு குட்டி போட்டிருந்தது. ஒருநாள் சித்தப்பா நாலையும் பிடிச்சு சாக்குல போட்டு வாயைக் கட்டினார். "பின்னாடி உக்காந்து கெட்டியா பிடிச்சுக்கோடா"ன்னு டிவிஎஸ் எக்ஸெல்ல என்னை ஏத்திக்கிட்டார். சாக்கு என் மடியில. உள்ளே கத்தல். சாக்கு வழியா அதுங்க உடம்புச் சூடு என் தொடையில தெரிஞ்சது. ரைஸ் மில் பக்கத்துல அவுத்து விட்டோம். "இங்க எலி கிடைக்கும், பொழைச்சுக்கும்"னார் சித்தப்பா. நானும் நம்பினேன். வர்ற வழியில கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார், சாப்பிட்டேன்.

அந்தக் குட்டிங்க கண்ணு நீலமா இருந்தது. பூனைக்குட்டிக்கு ஆறேழு வாரம் வரைக்கும்தான் கண்ணு அப்படி இருக்கும், அப்புறம் நிறம் மாறிடும்னு இப்பதான் படிச்சேன். அந்த வயசுல எலியாவது ஒண்ணாவது, தாய்ப்பாலே மறந்திருக்காது. தாய்ப்பூனை மூணு ராத்திரி வீட்டைச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. பாட்டி தயிர்சாதம் வச்சாங்க, தொடக்கூட இல்லை. இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

சரி, இங்க வருவோம். யோசிக்காம குரூப்ல "ஒண்ணு நான் எடுத்துக்கிறேன்"னு போட்டுட்டேன். அம்மாகிட்ட கேட்காம. அந்த வீரத்துக்கு அன்னைக்கு ராத்திரி ரசம்கூட கிடைக்கல :-)

எந்த ஒண்ணு? பொட்டி தட்டுறவன் என்ன செய்வான், எக்ஸெல் ஷீட் போட்டான். (டிவிஎஸ் இல்லை, மத்தது.) கண்ணு, மூக்கு சுத்தமா இருக்கா, பின்பக்கம் சுத்தமா இருக்கா, வயிறு மட்டும் உப்பி இருக்கா (இருந்தா பூச்சி), கூப்பிட்டா வருதா, எடை எவ்வளவு. பிறக்கும்போது சுமார் 100 கிராம், அப்புறம் வாரத்துக்கு ஏறக்குறைய 100 கிராம் ஏறணும்கிறது கணக்கு. அம்மாவோட கிச்சன் தராசை அம்மாவுக்குத் தெரியாம கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். ஆரஞ்சு 830. மூணு கலர் 780. கருப்பு 620, இடது கண்ணுல பீளை வேற.

ஷீட் படி ஆரஞ்சுதான் வின்னர். தைரியசாலி, தராசுல ஏறினதும் தூங்கிடுச்சு. எனக்கு மூணு கலர் மேல ஒரு கண்ணு. மூணு கலர் பூனைன்னா கிட்டத்தட்ட எப்பவும் பொண்ணுதான், தெரியுமோ? ஆரஞ்சு கலருக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுக்கு எக்ஸ் ரெண்டு. ஒவ்வொரு செல்லும் ரெண்டுல ஒண்ணை அணைச்சுடும். எது அணையுதோ அதுக்கேத்த மாதிரி இங்க கருப்பு, அங்க ஆரஞ்சு. அணைக்கிற சமாச்சாரத்தை மேரி லயன் 1961லயே சொல்லிட்டாங்க. ஆனா அந்த ஆரஞ்சு ஜீன் எதுன்னு கண்டுபிடிச்சு கட்டுரை வந்தது 2025லதான். இதையெல்லாம் அம்மாகிட்ட ஆர்வமா விளக்கினேன். கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டாங்க.

"கருப்பை எடுடா."

"அம்மா, அதுக்கு கண்ணு சரியில்லம்மா. எடையும் கம்மி."

"அதான் சொல்றேன். மத்த ரெண்டையும் அழகா இருக்குன்னு எவனாவது எடுப்பான். இதை எவன் எடுப்பான்? குறுக்க போனாலே திரும்பிப் போறவங்க ஊரு இது."

ரெண்டு நிமிஷம் ஒண்ணும் பேசலை. அப்புறம் தலை நிமிராமலே, "அன்னைக்கு மாதிரி சாக்குல தூக்கிட்டு வராத. அட்டைப்பெட்டி கொண்டு போ"ன்னாங்க.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அம்மாவுக்குத் தெரியும்! இத்தனை வருஷமா தெரியும். "உங்க சித்தப்பனை அப்பவே தடுத்திருக்கணும். வாய் வரலை எனக்கு"ன்னு சொல்லிட்டு கீரைக் காம்பை அள்ளிக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

ஞாயித்துக்கிழமை அட்டைப்பெட்டி, உள்ளே பழைய டவல். வாட்ச்மேன் அண்ணன் பிடிச்சுக் கொடுத்தார், எனக்குப் பிடிக்கத் தெரியல. நேரா டாக்டர்கிட்ட. கண்ணைத் துடைச்சு சொட்டு மருந்து, பூச்சிக்கு மருந்து. கண்ணு சரியானதும் தடுப்பூசி, மூணு மாசம் முடிஞ்சதும் வெறிநாய்க்கடிக்கான ஊசின்னார். அம்மா கருப்பாயின்னு பேரே வச்சிருந்தாங்க. டாக்டர் வாலைத் தூக்கிப் பார்த்துட்டு "பையன் சார்"னார். ஆக, கருப்பன்.

வீட்டுக்கு வந்ததும் கருப்பன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி போனான். ஆறு மணி நேரம் அங்கேயே. அம்மா கிண்ணத்துல பால் வச்சாங்க. வேணாம்மா, மாட்டுப்பாலை ஜீரணிக்க முடியாம வயித்தால போகும்னு டாக்டர் சொன்னாரேன்னேன். "பூனைக்குப் பால் ஆகாதா? நல்லா படிச்சீங்க போங்கடா." அடுத்த பிரச்சனை, எங்க வீடு சுத்த சைவம். பூனை மாமிசம் இல்லாம வாழ முடியாத ஜந்து. குட்டிகளுக்கான பாக்கெட் தீனியைத் தட்டுல கொட்டினேன். "இது என்னடா, பிஸ்கட்டா?" "ஆமாம்மா, பிஸ்கட்." அட்டையில கோழி படம் இருந்த பக்கத்தை சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன். (இந்தப் பதிவை அம்மாகிட்ட யாரும் காட்டிடாதீங்க சாமி.)

மண் தொட்டிக்குப் பழக்க ரெண்டு நாள் வீடியோ பார்த்து வச்சிருந்தேன். பக்கத்துல கட்டுற வீட்டுல இருந்து ஒரு டப் மணல் வாங்கி வச்சதும் அவனே போனான், தோண்டினான், மூடினான், வந்துட்டான். சொல்லிக்கொடுக்க எனக்கு ஒண்ணுமே இல்லை.

ராத்திரி ஒண்ணரை இருக்கும். மாடிப்படியில தாய்ப்பூனை கத்துற சத்தம். தரைத்தளம், முதல் மாடி, அப்புறம் எங்க கதவு. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடியிருந்து இவன் பதில் கொடுக்கிறான். அதே கத்தல். எனக்கு எந்திரிக்க முடியல. அட்டைப்பெட்டின்னா என்ன, சாக்குன்னா என்ன, நானும் பிரிச்சுத்தானே கொண்டு வந்திருக்கேன்னு படுத்திருந்தேன்.

அம்மாதான் போய்க் கதவைத் திறந்தாங்க. உள்ளே வந்தது. ஃப்ரிட்ஜ் பக்கம் போய் மோந்து பார்த்தது. இவன் வெளியே வந்தான், தலையை நாலு நக்கு நக்கினது. அப்புறம் நேரா தட்டுக்குப் போய் அவன் பிஸ்கட் மொத்தத்தையும் காலி பண்ணிட்டு, திரும்பிக்கூட பார்க்காம இறங்கிப் போயிடுச்சு.

ஆரஞ்சை அடுத்த தெருக்காரர் ஒருத்தர் திங்கட்கிழமையே கொண்டு போயிட்டார். மூணு கலர் இன்னும் கீழேதான், வாட்ச்மேன் அண்ணன் நாற்காலிக்கடியில. விலங்கைப் பட்டினி கிடக்கிற மாதிரி கைவிட்டா 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம்னு நான் சொன்னதை, அம்மா செக்ரட்டரி மாமாகிட்ட லிஃப்ட்ல வச்சு ஒப்பிச்சுட்டாங்க. மாமா ஸ்கூட்டருக்கு கவர் வாங்கிட்டார். தாய்ப்பூனைக்கு அடுத்த வாரம் கருத்தடை ஆபரேஷன். செலவுல பாதி என்னுது, மீதிக்கு வாட்ச்மேன் அண்ணன் வீடு வீடா வசூல் பண்ணிக்கிட்டு இருக்கார்.

ராத்திரி ஒண்ணரைக்கு அது இன்னும் வருது. அம்மா இப்பல்லாம் ரெண்டு தட்டு வைக்கிறாங்க.