ரெண்டாத் தெரிஞ்ச ரெண்டு ரூபாய்

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா எங்க வீட்டுல சில்லறைக்குக் குறைவிருக்காது. தோட்டத்துக் கொய்யாவையும் எலுமிச்சையையும் ஐந்தருவி போற வழியில வச்சு வித்துட்டு ராத்திரி வீடு திரும்பினா பை நிறைய காசு. அதை எண்ணி அடுக்குறது என் வேலை. எரர் காயின் பைத்தியம் எனக்குப் பிடிச்சது அப்படித்தான்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு ஆடி மாசம். பதினோரு மூலை உள்ள பழைய ரெண்டு ரூபாய், இந்தியா வரைபடம் போட்டது, கைக்கு வந்தது. வரைபடத்தைச் சுத்தி இருந்த எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சது. அண்ணன் மகன் போன்ல தேடிப் பார்த்துட்டு, "சித்தப்பா, இது டபுள் டை. லட்சக்கணக்குல போகும்"னு குதிச்சான். ஒரு வீடியோவுல இருந்த நம்பருக்குப் பேசினோம். போட்டோ அனுப்பின ஒரு மணி நேரத்துல, "மூணு லட்சம் தர்றோம், பதிவுக் கட்டணம் 2,750 மட்டும் கட்டுங்க"ன்னு பதில் வந்துச்சு.

அந்த வாரம்தான் கிணத்து மோட்டார் காயில் எரிஞ்சு கிடந்தது. காயில் கட்ட வச்சிருந்த காசை அப்படியே அனுப்பிட்டேன். மூணு லட்சம் வந்தா புது மோட்டாரே வாங்கிடலாமே! மறுநாள் ஜிஎஸ்டின்னு சொல்லி 12,000 கேட்டாங்க. அப்பதான் உறைச்சது. பழைய காசு வாங்குறோம்னு ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லிக் கட்டணம் கேக்கிறவங்களை நம்பாதீங்கன்னு அந்த வங்கியே 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சிருக்கு. மக எனக்கு அதை வாசிச்சுக் காட்டினது பணம் போன பிறகு.

மோட்டார் ஓட பத்து நாள் ஆச்சு. கத்தரியில பாதி காஞ்சு போச்சு. வீட்டுக்காரி ஒண்ணுதான் சொன்னா: "காசு ரெண்டாத் தெரியலை. ஆசையில உங்க கண்ணுக்குத்தான் ரெண்டாத் தெரிஞ்சிருக்கு."

அந்த ரோஷத்துல ஒரு லென்ஸ் வாங்கினேன். தென்காசியில ரொம்ப காலமா காசு சேர்க்கிற பெரியவர் ஒருத்தர்கிட்ட அந்த ரெண்டு ரூபாயைக் காட்டினேன். பார்த்த உடனே சிரிச்சுட்டார். "அண்ணாச்சி, இது அச்சுல உள்ள தப்பு இல்ல. அடிக்கும்போது அச்சு ஆடியிருக்கு, அவ்வளவுதான்."

எங்க பக்கம் செங்கல் அறுக்கிறதைப் பார்த்தவங்களுக்கு இது லேசாப் புரியும். அச்சுப் பெட்டியில மூலை உடைஞ்சிருந்தா, அதுல அறுக்கிற கல் அத்தனையிலும் அதே மூலை குறையும். பெட்டியைத் தூக்கும்போது கை ஆடினா அந்த ஒரு கல்தான் கோணும். காசுக்கும் இதே கணக்குதான். காசு அடிக்கிற அச்சைச் செய்ய, எழுத்து புடைச்சிருக்கிற தாய் அச்சை உருக்குல வச்சு அழுத்துவாங்க. முந்தியெல்லாம் ஒரு அழுத்துல முழுசாப் பதியாது, சூடுபடுத்தி மறுபடி அழுத்தணும். ரெண்டாவது தடவை இம்மி திரும்பினாலும் அச்சுலயே உருவம் இரட்டையாயிடும். அதுதான் டபுள் டை. 1955-ல அமெரிக்காவுல வந்த ஒரு சென்ட் காசு இதுக்குப் பேர்போனது. வருஷமும் எழுத்தும் வெறும் கண்ணுக்கே ரெண்டாத் தெரியும்.

லென்ஸ்ல பார்க்கிறப்ப, நிஜ டபுள் டைன்னா எழுத்து தடிச்சு, முனை பிளந்திருக்கும். ரெண்டாவது உருவமும் முதல் உருவம் மாதிரியே உருண்டு நிக்கும். அச்சு ஆடினதுன்னா எழுத்து மெலிஞ்சு, ஓரத்துல தட்டையா ஒரு படி மாதிரி தெரியும். என் காசுல இருந்தது அந்தப் படிதான்.

வருஷத்துக்குக் கீழ இருக்கிற குறியையும் பார்க்கணும். வைரம்னா மும்பை, நட்சத்திரம்னா ஹைதராபாத், வட்டப் புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கொல்கத்தா. ஒரே வருஷம், ஒரே குறி, ஒரே இடத்துல ஒரே மாதிரி இரட்டிப்பு, இப்படி ரெண்டு காசு கிடைச்சாத்தான் நம்பிக்கையாச் சொல்லலாம். பெரியவர் சொல்லிக் குடுத்த பாடம் இதுதான்: "ஒண்ணைப் பார்த்துத் துள்ளாதீங்க, அதோட ஜோடியைத் தேடுங்க."

இப்ப என்கிட்ட ஒரு அஞ்சு ரூபாய் இருக்கு. எழுத்து முனை அழகாப் பிளந்திருக்கு. அதோட ஜோடியை ரெண்டு சீசனாத் தேடுறேன். கிடைச்சாலும் லட்சம் வராதுன்னு தெரியும். ஆனா நிஜமா வாங்க வர்றவன் காசு குடுப்பான், முதல்ல நம்மகிட்ட காசு கேக்க மாட்டான். இதைத் தெரிஞ்சுக்க நான் குடுத்த விலை 2,750 ரூபாயும் அரைப் பங்கு கத்தரியும்.

அந்த ரெண்டு ரூபாயைச் செலவழிக்கலை. மோட்டார் ரூம்ல சுவிட்ச் பெட்டி மேல வச்சிருக்கேன். தினமும் கண்ணுல படட்டும்.