வற்றிய ஊற்று

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில் நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். நீர் மிகுந்த இவ்வூரில், என் வாயின் ஊற்று மட்டும் வற்றிக் கிடக்கிறது.

2014ஆம் ஆண்டு தொண்டையில் புற்றுநோய் கண்டு, ஏழு வாரம் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றேன். இறையருளால் நோய் அகன்றது. ஆயினும், நோயை அழித்த கதிர்கள் அருகிலிருந்த உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் வாட்டிவிட்டன. மத்ரஸாவில் ‘ளாத்’ எழுத்தை ஓதிக்கொடுக்கையில் நா அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு மிடறு நீர் பருகிய பின்னரே அடுத்த ஆயத்து.

“குணமாகிவிட்டீர்களே, ஹஜ்ரத்!” என்பர் அன்பர். உண்மைதான்; எனினும் சிகிச்சையின் சுவடு ஆண்டுகள் கடந்தும் தொடர்கிறது. உமிழ்நீர் குன்றினால் பற்கள் சொத்தையாகும். கதிர் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால், புண் ஆறாது எலும்பே கெடக்கூடும். பல் மருத்துவரிடம் இதையே முதலில் சொல்லவேண்டும். தைராய்டு சுரப்பியும் பிற்காலத்தில் தளரலாம். அதற்கென அவ்வப்போது இரத்தப் பரிசோதனை.

நோயாளிக்கு மார்க்கம் அளித்த நோன்புச் சலுகையைப் பிறருக்குப் பலமுறை விளக்கியவன் நான். எனக்கென்று வந்தபோது அதை ஏற்க நாணினேன். 2015 ரமலானில், மருத்துவர் தடுத்தும் மூன்று நோன்பு நோற்றேன், வாயெல்லாம் புண்ணாயிற்று. நான்காம் நாள் ஸஹர் நேரத்தில், “பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு இல்லையா?” என்றாள் மனைவி.

அன்று பகலில் நீர் பருகினேன். இன்று ஒவ்வொரு நோன்புக்கும் ஈடாக ஓர் ஏழைக்கு உணவளிக்கிறேன். கற்பித்ததைக் கற்றுக்கொண்டேன்.