தூக்குப்போசியின் மூடி

வெள்ளகோவிலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடைக்குப் போவது என்று யோசிக்கும் நிலை முன்பெல்லாம் இருந்ததில்லை. இப்போது கரூர் ரோட்டில் ஒன்று, முத்தூர் ரோட்டில் ஒன்று என்று புதிதாகக் கடைகள் வந்திருக்கின்றன. போன மாதம் அக்கா பையனோடு அடுத்தடுத்த நாளில் இரண்டிலும் சாப்பிட்டேன்.

முதல் கடையில் பிரியாணியும் பள்ளிபாளையம் சிக்கனும். வரமிளகாயைக் கிள்ளி விதையை உதிர்த்துவிட்டு, சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் சேர்த்து, மசாலாப் பொடி எதுவும் தூவாமல் வதக்கியிருந்தார்கள். தேர்ந்த கை. வயிறு நிறைந்தது, எழுந்து வந்தோம்.

இரண்டாவது கடையில் அரிசிம்பருப்புச் சோறு. உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைத் தூக்குப்போசியில் ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். “நெய் ஊத்தட்டுங்களா?” என்றார் பரிமாறியவர்.

அரிசிம்பருப்பு விலைப்பட்டியலில் ஏறும் என்று யார் நினைத்தது? காட்டிலிருந்து பொழுது சாய வந்தவர்கள், அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் களைந்து, சீரகம், மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம் தாளித்து ஒரே சட்டியில் வேகவைத்து இறக்கிய சோறு அது. விருந்தாளி வந்தால் அதைப் போடக் கூச்சப்படுவார்கள். அன்றைக்கு ஓட்டலுக்குப் போவதே வீட்டில் இல்லாததைச் சாப்பிடத்தான். இன்றைக்குப் பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தில் ‘நம்ம வீட்டு சாப்பாடு’ என்ற பெயரிலேயே ஓர் உணவகம் பேர்பெற்று நிற்கிறது. நல்லதுதான். கொள்ளும் அரிசிம்பருப்பும் பிள்ளைகளின் நாக்குக்குப் போய்ச் சேர வேறு வழி குறைந்துவிட்டது.

ஆனால் அந்தப் போசியைப் பார்த்ததும் எனக்குச் சோற்றில் கை போகவில்லை.

வெள்ளகோவில் ஈரோடு மாவட்டத்தில் இருந்த காலம். பள்ளிக்கூட லீவுக்கு அம்மாயி வீட்டுக்குப் போய்விடுவேன். அப்புச்சி உச்சிவெயிலிலும் கொறங்காட்டில் கிளுவை வேலியின் சந்தை அடைத்துக்கொண்டிருப்பார். கொறங்காட்டுக்கு வேலிதான் காவல்காரன். அது ஒழுங்காக இருந்தால் காங்கயம் மாடுகளை உள்ளே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து, வெள்வேல மரத்து நிழலில் அவை படுத்துக்கொள்ளும்.

அம்மாயி போசியில் சோற்றைப் போட்டு, நடுவில் குழித்துக் கொள்ளுப்பருப்பை வைத்து, மூடியை அழுத்தித் தருவாள். “இட்டேரியில வேடிக்கை பாத்துட்டு நின்றாத சாமி, சோறு ஆறிப்போயிரும்.” இரண்டு பக்கமும் வேலி நெருங்கிய அந்த இட்டேரியில், தொடையில் போசி படும்போதெல்லாம் சுடும். கை மாற்றி மாற்றிக் கொண்டுபோவேன்.

அப்புச்சி கை கழுவிவந்து உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து மல்லாத்தி வைப்பார். உள்பக்கம் முழுக்க ஆவி கோத்து நிற்கும். அந்த ஈரத்தின் மேலேயே முதல் கைச் சோறு விழும். “உண்ணு கண்ணு.” நான் உண்டுவிட்டுத்தான் வந்திருப்பேன். அது அவருக்கும் தெரியும். அந்த ஒரு கைச் சோற்றையும் சேர்த்தேதான் அம்மாயி போசியை நிறைத்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

இருவரும் இல்லை. இட்டேரி தார் ரோடாகிவிட்டது. கொறங்காட்டில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள்.

கடைச் சோற்றில் பக்குவம் தப்பவில்லை. பூண்டு கரைந்து, மிளகு மட்டும் பல்லில் தட்டுப்பட்டது. அம்மாயியின் அரிசிம்பருப்புக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார்கள். போசிக்குத்தான் மூடி இல்லை.

“மூடி வராதுங்களா?” என்று கேட்டேன்.

“அதெதுக்குங்க? சூடாத்தானே கொண்டுவாரோம்” என்றார் அவர்.

முதல் கைச் சோற்றை அள்ளி அக்கா பையன் தட்டில் வைத்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“எனக்குத்தான் தனியாச் சொல்லியிருக்கீங்களே மாமா.”