ஓயாமல் அலறும் காவல்காரன்



காவலுக்கென்று ஒரு நாயை வளர்க்கிறோம். அது இலை விழுந்தாலும் குரைக்கிறது, காற்றடித்தாலும் குரைக்கிறது என்று வையுங்கள். முதல் வாரம் கதவைத் திறந்து பார்ப்போம். இரண்டாம் வாரம் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்போம். மூன்றாம் வாரம் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். அன்றைக்குத்தான் உண்மையான திருடன் வருவான்!

கார்களில் நாம் பின்னாளில் பொருத்துகிற அலாரத்தின் கதையும் இதுவே. நம் தோட்டங்களிலும் கம்பங்களிலும் ஓடுகிற பழைய கார்கள் பலவற்றில் அலாரம் ஆலையிலேயே வைத்தது அன்று. பட்டணத்து வயர்மேன் கடையில் ஒரு பெட்டி, ஒரு சைரன், இரண்டு ரிமோட் என வாங்கிப் பொருத்தியதுதான். சில ஆண்டுகள் ஒழுங்காக வேலை செய்யும். பிறகு ஒருநாள் காரணமில்லாமல் அலற ஆரம்பிக்கும். காரணமில்லாமல் என்று நாம் சொல்கிறோம். காரணம் இல்லாமல் அது அலறுவதே இல்லை. அந்தக் காரணத்தை எப்படித் தேடுவது என்பதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குளுவாங் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எதிர்வீட்டில் ஒரு பழைய கஞ்சில் கார். அந்த வீட்டுப் பாட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை பட்டணத்துக்கு இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகவேண்டும். மகன் சிங்கப்பூரில் வேலை. வார இறுதியில்தான் வருவார். மருமகள்தான் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு மாமியாரைக் கூட்டிப் போவார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அந்தக் கார் இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் அலற ஆரம்பித்தது. தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் டார்ச்சு விளக்கோடு ஓடி வந்தார்கள். பத்து நாள் போனதும், “அந்தக் காடிய கொண்டு போயி ஆத்துல தள்ளு” என்ற பேச்சுதான் கேட்டது. விடியுமுன் வேலைக்கு எழுகிறவர்களை எப்படிக் குறை சொல்வது?

ஒருநாள் விடியற்காலை ஐந்தரை மணி. மருமகள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். “டீச்சர், ரிமோட்டு அமுக்கினா தொறக்கல. சாவி போட்டுத் தொறந்தேன், கத்துது. காடி ஸ்டார்ட்டும் ஆகல. பாட்டிக்கு நேரமாச்சு டீச்சர்.” என் வீட்டுக்காரர் எங்கள் காரில் கூட்டிப் போனார். அப்படியும் முக்கால் மணி நேரம் தாமதம். அதே படுக்கைக்கு அடுத்த வேளை நோயாளி காத்திருந்தார். பாட்டிக்கு அன்று நான்கு மணி நேரச் சிகிச்சை முழுமையாகக் கிடைக்கவில்லை. திருடனைத் தடுக்க வைத்த கருவி, வீட்டுக்காரியையே தடுத்துவிட்டது. வேலி பயிரை மேய்வது என்பது இதுதான்.

பட்டணத்தில் ஒரு கடையில் விசாரித்தார்கள். அலாரம் முழுவதும் மாற்றவேண்டும், கார் பேட்டரியும் புதிதாகப் போடவேண்டும் என்று ஐந்நூறு வெள்ளிக்கு மேல் கணக்குச் சொன்னார்களாம். காரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “கொஞ்சம் பொறும்மா, சனிக்கிழமை நாமே பார்ப்போம்” என்றேன். பள்ளியில் பிள்ளைகளுக்கு மின்சுற்றுப் பாடம் நடத்துவதற்காக மல்ட்டிமீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். அதோடு, அறிவியல் சோதனையில் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஒரு விதியும் கையில் இருந்தது: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, சிறியதிலிருந்து பெரியதற்குப் போ.

முதலில் ரிமோட். வீட்டில் இரண்டு ரிமோட் இருந்தால் வேலை சுலபம். ஒன்று வேலை செய்து மற்றது செய்யவில்லை என்றால் குற்றம் ரிமோட்டில்; புது பேட்டரி போட்டும் இரண்டுமே செய்யவில்லை என்றால் காரில் தேடுங்கள். அவர்களிடம் இருந்தது ஒன்றுதான். அழுத்தினால் சிறு விளக்கு எரிந்தது. விளக்கு எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். விளக்குக்கு வேண்டிய சக்தி கொஞ்சம். அலைவரிசை கார் வரை போய்ச் சேர வேண்டிய சக்தி அதிகம். திறந்து பார்த்தால் 23ஏ என்று எழுதிய சுண்டுவிரல் நுனி அளவு பேட்டரி. அது 12 வோல்ட் காட்டவேண்டும்; ஒன்பதைச் சொச்சம்தான் காட்டியது. சில ரிமோட்டுகளில் நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். எதுவானாலும் சில வெள்ளிதான் விலை. பழைய பேட்டரியின் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள். கூட்டல் குறி எந்தப் பக்கம் என்று கவனித்துப் போடுங்கள். தகடுகளில் அழுக்குப் படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் இலேசாகத் தேய்த்தால் போதும்.

பேட்டரி புதிது, ஆனாலும் திறக்கவில்லையா? வீட்டில் குழந்தை ரிமோட்டை வைத்து விளையாடியதா என்று கேளுங்கள். பல ரிமோட்டுகள் ஒவ்வொரு அழுத்தத்திற்கும் ஒரு புதிய எண்ணை அனுப்புகின்றன. காரில் உள்ள பெட்டியும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் என்ற முறையில், கார் கேட்காத தூரத்தில் பதினாறு முறைக்கு மேல் அழுத்திவிட்டால் பெட்டி சந்தேகப்பட்டுக் கதவைத் திறக்காது. அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலும் சமாதானமாகிவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் ரிமோட்டை மறுபடி பதியவேண்டும். அந்த முறை ஒவ்வொரு அலாரத்திற்கும் வேறு, உடன் வந்த தாளில் இருக்கும்.

இரண்டாவது, கார் பேட்டரி. இரவெல்லாம் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. எதிர்வீட்டுக் காரில் 12.1 இருந்தது. இயந்திரம் ஓடும்போது 14.1 காட்டியது, ஆகவே மின்னேற்றும் டைனமோ நல்ல நிலையில்தான் இருக்கிறது. பேட்டரியை நன்றாக மின்னேற்றி ஓர் இரவு விட்டுப் பார்த்தோம். விழவில்லை. பத்து நாள் அலறிய சைரன்தான் அதை உறிஞ்சியிருக்கிறது. கடைக்காரர் குற்றவாளி என்று சொன்ன பேட்டரி, உண்மையில் அடிபட்ட கட்சி! இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி மெலிந்து வோல்ட் விழுந்தால், சில அலாரங்கள் அதையே திருட்டு என்று எண்ணி அலறும்.

மூன்றாவது, அலறத் தூண்டுவது எது என்ற கேள்வி. அலாரத்திற்கு மூன்று வகைக் காதுகள் உண்டு. கதவுகளில் உள்ள பொத்தான்கள், முன்மூடியின் அடியில் உள்ள பொத்தான், அதிர்ச்சியை உணரும் சிறு பெட்டி. கதவைத் திறக்கும்போது உள்விளக்கு எரியவில்லை, அல்லது மூடியபின் மினுக்குகிறது என்றால் அந்தக் கதவின் பொத்தானைச் சந்தேகியுங்கள். அதிர்ச்சிப் பெட்டியில் சிறு திருகு இருக்கும். இடிமுழக்கத்திற்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்கும் அலறினால் அதன் கூர்மையைக் கொஞ்சம் குறைக்கலாம். கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிச் சோதியுங்கள்.

முதல் இரவு அதிர்ச்சிப் பெட்டியின் கூர்மையைக் குறைத்தோம். அலறியது. மறுநாள் முன்மூடிப் பொத்தானின் வயரைக் கழற்றி, நுனியில் டேப் சுற்றிவைத்தோம். அன்றிரவு நல்ல மழை. காரோ வாய் திறக்கவில்லை! பொத்தானைக் கழற்றிப் பார்த்தால் துரு ஏறி, அதன் தாங்கியும் வளைந்திருந்தது. முன்மூடி மூடியிருந்தாலும் பொத்தான் முழுதாக அமுங்கவில்லை. ஈரம் பட்டதும், முன்மூடியை யாரோ திறப்பதாக அலாரம் எண்ணிக்கொண்டது. புதுப் பொத்தான் பத்து வெள்ளிக்குள் முடிந்தது. பாட்டியின் அந்த விடியற்காலைக்குக் காரணம், விரல் நீளத் துருப்பிடித்த இரும்பும் தீர்ந்துபோன ரிமோட் பேட்டரியும்தான்.

இதோடு நிற்காவிட்டால் பார்க்க வேண்டியவை இன்னும் சில. எர்த் வயர் திருகிய இடத்தில் துரு இருந்தால் மணல்தாளால் தேய்த்து இறுக்குங்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. வயரில் பல் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டேப் சுற்றிய இணைப்புகள் வெயிலில் பசை உலர்ந்து கழன்றுவிடும். ரிமோட் புதிதாக இருந்தும் பக்கத்தில் போனால்தான் கேட்கிறது என்றால், அலாரப் பெட்டியின் மெல்லிய ஆன்டெனா வயர் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கக்கூடும். எதைத் தொடுவதானாலும் பேட்டரியின் கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. புதிய கார்களில் மஞ்சள் உறையிட்ட வயர்கள் காற்றுப் பைக்கு உரியவை. அவற்றில் கை வைக்கவேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று அணைந்து மறுபடி ஓடினால், அலாரம் இயந்திரத்தின் மின்சாரத்தை வெட்டும் ரிலே பழுதாகியிருக்கலாம். நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து. தாமதிக்காமல் நல்ல வயர்மேனிடம் காட்டுங்கள். கடைக்காரர் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. “அலாரம் கெட்டுப்போச்சு” என்று போகிறவருக்குப் புது அலாரம் கிடைக்கும். “முன்மூடிப் பொத்தான் துருப்பிடிச்சிருக்கு” என்று போகிறவருக்குப் பொத்தான் கிடைக்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

பொத்தான் மாற்றிய அன்று மாலை அந்த மருமகள் ஒரு தட்டில் கேசரியோடு வரிசையில் இருந்த வீடுகளுக்கெல்லாம் போய், “இனிமே கத்தாது அக்கா. கத்துனா நெசமாவே யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அதுதான் பெரிய பழுதுபார்ப்பாகப் பட்டது. சைரன் சத்தம் திருடனைப் பிடிக்காது. அதைக் கேட்டு எழுந்து வருகிற அண்டைவீட்டார்தான் பிடிப்பார்கள். பொய்யாக அலறவிட்டு அவர்கள் காதை மரத்துப்போகச் செய்தால், ஐந்நூறு வெள்ளி அலாரமும் வெறும் தகரம்தான்.

உங்கள் காரிலும் இப்படி ஓர் அலாரம் இருந்தால், வருகிற ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். அலாரத்தை நிறுத்திவைக்க ஒரு மறைவுப் பொத்தான் உண்டு. பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்தில், டாஷ்போர்டின் அடியில் இருக்கும். அது எங்கே, எத்தனை முறை அழுத்துவது என்று கண்டுபிடித்து, காரை எடுக்கும் ஒவ்வொருவருக்கும் காட்டிவையுங்கள். உடன் வந்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். மாற்று ரிமோட் பேட்டரி ஒன்றைக் காரின் சூட்டில் அல்லாமல் வீட்டு அலமாரியில் வையுங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு நோயாளி வாசலில் காத்திருக்கும்போது இவற்றைத் தேட நேரம் இருக்காது.