மார்கழிக் கணக்கு

காமர்ஸ் படிக்கிற பையன் கோலத்தைப் பத்தி எழுதலாமா? இந்த மார்கழிக்கு எங்க வீட்டு வாசல் என் பொறுப்பு. அதனால எழுதலாம் :-)

கார்த்திகை கடைசியில் அப்பாயி கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது நானும் அப்பாவும். "உனக்குத்தான் படம் போட வரும்ல, போடுறா தம்பி" என்று கோலமாவுக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டது அப்பாயி.

படம் போட வரும் என்பது பழைய கதை. ப்ளஸ் டூ முடித்ததும் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசைப்பட்டேன். அப்பா திட்டவில்லை. "படம் போட்டா சோறு வருமாடா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பதில் தெரியவில்லை. பி.காம். சேர்ந்தேன். இந்த இரண்டரை வருஷத்தில் பென்சிலைத் தொட்டது பேரேட்டுக்குக் கோடு போட மட்டும்தான்.

முதல் நாள் மானம் போனது. 15 புள்ளி, ஊடுபுள்ளி, 8 வரை. பேப்பரில் என்றால் ஈஸி. தரையில் மாவு என் பேச்சைக் கேட்கவே இல்லை. பேப்பரில் விரல் மட்டும் நகர்ந்தால் போதும், வாசலில் முதுகு, முட்டி, மூச்சு எல்லாம் சேர்ந்து வரைய வேண்டியிருக்கிறது. பால் வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா நின்று பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, உன்னைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்று கேட்டது. காது ரெண்டும் சூடாகிவிட்டது. அந்தக் குளிருக்கு அதுவும் நல்லாத்தான் இருந்தது.

ஒரு வாரம் போனதும் வேறொன்று நடந்தது. அஞ்சு மணிக்கே எழுந்து பழகியதில், கண்ணில் என்னென்னவோ பட ஆரம்பித்தது. பழைய கார்ப்பரேட் அக்கவுண்ட்ஸ் நோட்டில் நிறைய காலிப் பக்கம் இருந்தது. வரவுப் பக்கத்தில் மட்டும் தினமும் ஒரு சின்னப் படம் போட்டேன். சில வரவுகள்:

மார்கழி 3: சாணி உருண்டையில் செருகிய பரங்கிப்பூ. இருட்டில் பூவின் மஞ்சள் தெரிவதற்கு முன்னாடியே அதன் ஓரத்துப் பனி தெரிகிறது.

மார்கழி 7: டவுன் பஸ் டிரைவர் முன்கண்ணாடியை நியூஸ் பேப்பரால் துடைக்கிறார். துடைத்த வட்டத்துக்குள் மட்டும் அய்யம்பேட்டை ரோடு. வட்டத்துக்கு வெளியே உலகமே இல்லை.

மார்கழி 11: சம்பா கதிர் பால் பிடிக்கிற சமயம். மேட்டூரில் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் விடுவது வழக்கம் என்பதால் வாய்க்காலில் இன்னும் சலசலப்பு இருக்கிறது. கதிருக்குக் கதிர் சிலந்தி வலை, அதில் பனித்துளி. வயலில் இத்தனை சிலந்தி இருப்பது பனி விழுந்தால்தான் தெரிகிறது.

மார்கழி 14: பெருமாள் கோயில் தொன்னையில் வெண்பொங்கல். அதன் ஆவியை வரையத் தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அதுவே ஆவி மாதிரி இருந்தது!

மார்கழி 16-ஐ மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும். அன்னிக்குத் தூங்கிவிட்டேன். அடித்துப் பிடித்து வாசலுக்கு ஓடினால், அப்பாயி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறது. கோடெல்லாம் நடுக்கம். என்னைப் பார்த்துச் சிரித்து, "கோணலா இருக்கா? எறும்பு கோணல் பாக்காது, போ" என்றது. பச்சரிசி மாவு என்பதால் அதற்குள் எறும்பு வரிசை வந்துவிட்டிருந்தது.

எனக்கு உடனே கோபுலு ஞாபகம் வந்தார். 1924-ல் நம்ம தஞ்சாவூரில் பிறந்தவர். ஓவியம் படித்தது அதே கும்பகோணத்தில். எஸ். கோபாலன் என்ற பெயரைக் கோபுலு ஆக்கியது விகடனில் இருந்த ஓவியர் மாலி. கொத்தமங்கலம் சுப்புவின் தில்லானா மோகனாம்பாள் தொடராக வந்தபோது படம் போட்டவர். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சிரிக்க வைக்கிற ஜோக்குகள் போட்டவர். பிற்காலத்தில் பக்கவாதம் வந்து வலது கை முடங்கியபோது, இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். 2015-ல், 90 வயதில் மறைந்தார்.

அந்த இடது கை விஷயத்தை முன்பு படித்தபோது 'பெரிய ஆள்களால் முடியும்' என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன். அப்பாயியைப் பார்த்த பிறகுதான் அப்படித் தோன்றவில்லை. அறுபது வருஷம் வாசலைப் பார்த்த கண்ணுக்கு எந்தப் புள்ளி எங்கே என்று தெரிகிறது. கை பின்னாலேயே வந்து சேர்ந்துகொள்கிறது. எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு? பின்னே ஏன் இரண்டரை வருஷம் சும்மா இருந்தேன்? அப்பா மேல் பழி போடுவது சுலபம். பி.காம். சேரச் சொன்னார், உண்மைதான். வரையாதே என்று அவர் சொல்லவே இல்லை.

கணக்குப்படி பார்த்தால் கோலம் ரொம்ப மோசமான சொத்து. தேய்மானம் நூறு சதவீதம், அதுவும் அன்னிக்கே! ஏழு மணிக்கு அப்பா டி.வி.எஸ். ஃபிப்டியைக் கோலத்தின் நடு வழியாகவே ஓட்டிக்கொண்டு போவார். அம்மா போட்ட காலத்திலும் அப்படித்தான், அப்பாயி போட்ட காலத்திலும் அப்படித்தான். யாரும் தப்பாக நினைத்ததில்லை.

நேத்து அப்படிப் போகவில்லை. வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் உருட்டிக்கொண்டு வந்தார். கோலத்துக்கு முன்னால் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சாக்கடை ஓரமாகத் திருப்பி, பின்சக்கரம் கடைசிப் புள்ளியில் படாமல் தூக்கி வைத்து, தெருவுக்குப் போய் ஏறிக்கொண்டார்.

ஈர மண்ணில் டயர் தடம் கோலத்தை ஒட்டி வளைந்து போயிருந்தது. நோட்டை எடுத்து அதை அப்படியே வரைந்து வைத்தேன்.

சோறு வருமா என்ற கேள்விக்கு இன்னமும் பதில் தெரியாது. நாளைக்கு 17 புள்ளியாம், அப்பாயி உத்தரவு. சீக்கிரம் தூங்கணும்.