தொண்ணூறு வோல்ட்

ஸ்ரீ விஜய புரம் என்று 2024இல் பெயர் மாறிய பிறகும் அங்குள்ள தமிழர் வாயில் அது போர்ட் பிளேர்தான். ஜங்க்ளிகாட்டில் ஒரு ரிப்பேர் கடை. மிக்சிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் நடுவே, பின்மூடி இல்லாத மர ரேடியோப் பெட்டி ஒன்று.

“கச்சால்லேர்ந்து கப்பல்ல வந்திருக்கு தம்பி” என்றார் மெக்கானிக். எழுபதைத் தாண்டியவர், ராமநாதபுரம் பக்கம்.

கச்சால் நிக்கோபார் தீவுகளில் ஒன்று. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த மலையகத் தமிழரில் சில குடும்பங்களை அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். பெட்டிக்காரர் அதில் ஒரு வீட்டுப் பிள்ளை. தோட்டத்து லயன் வீட்டில் கரண்ட் ஏது? அதனால் இது பேட்டரியில் ஓடும் வால்வு செட்.

உள்ளே நான்கு வால்வுகளுக்கு இடம், மூன்றுதான் இருந்தன. டி.ஏ.எஃப். 96 என்ற வால்வைக் காணோம். மெக்கானிக் சென்னை ரிச்சி தெருவில் சொல்லிவைத்து, அதற்கு மூத்ததான டி.ஏ.எஃப். 91ஐ வரவழைத்திருந்தார். கால்கள் அதே வரிசை. அதன் ஃபிலமென்ட் இழை 25 மில்லி ஆம்பியருக்குப் பதில் 50 இழுக்கும், அவ்வளவுதான்.

“வால்வைத் தேடிப் புடிச்சிரலாம். பேட்டரியை எங்க போய்த் தேட?”

இந்த செட்டுக்கு இரண்டு அளவில் மின்சாரம் வேண்டும்: ஃபிலமென்ட்டுக்கு ஒன்றரை வோல்ட், மற்றதற்கு 90. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பழைய பேட்டரி இப்போது கடைகளில் கிடையாது. அவர் ஒன்பது வோல்ட் பேட்டரி பத்தை வரிசையாகக் கோத்து அட்டைப்பெட்டிக்குள் அடுக்கினார். கூட ஒரு டார்ச் செல்.

ஆனால் வால்வுகளை உடனே செருகவில்லை. முதலில் ஃபிலமென்ட் வயரில் மீட்டரை வைத்தார். 90 வோல்ட் தப்பித்தவறி அந்தப் பக்கம் பாய்ந்தால் தலைமுடியைவிட மெல்லிய நான்கு இழைகளும் ஒரே நொடியில் போய்விடும். மூன்று தடவை அளந்தார். அந்த நிதானத்தைப் பார்க்கவே அவ்வளவு தூரம் போகலாம்.

ஈரக்காற்று குடித்த மெழுகுக் காகிதக் கண்டன்சர்கள் எல்லாம் கசிந்தன. கடைசி வால்வின் கிரிட்டுக்குப் போகும் கண்டன்சர் கசிந்தால் பாட்டும் சிதையும், பேட்டரியும் வீணாகும். மெழுகை உருக்கி, பழைய கூட்டுக்குள் புதியதைச் சொருகி, மறுபடி மெழுகு ஊற்றினார். வெளியே வைத்துச் சால்டர் செய்தாலும் வேலை செய்யும். “அவங்க வீட்டுப் பொருளு, பாத்தா அதே மாதிரி இருக்கணும்ல” என்றார். எனக்கும் அதுதான் சரியெனப் படுகிறது.

சாயங்காலம் பெட்டிக்காரர் வந்தார். அறுபதைக் கடந்த மனிதர், கைகட்டி நின்றார். சுவிட்சைத் திருப்பினார் மெக்கானிக். கரண்டில் ஓடும் வால்வு ரேடியோ சூடேறச் சற்று நேரம் ஆகும். இது உடனே பேசும். சிவப்பு ஒளியும் தெரியாது. முள்ளை 438 மீட்டர் பக்கம் நகர்த்தினார். 684 கிலோ ஹெர்ட்ஸ், போர்ட் பிளேர் வானொலி. கரகரப்புக்கு நடுவே இந்திச் செய்தி.

“பத்து பேட்டரி நாப்பது மணி நேரம் வந்தா பெருசு, அண்ணே. பாத்து வைங்க.”

“தெரியும். பேட்டரி வெலைக்குப் பயந்து அம்மா ஒரு பாட்டு, ஒரு செய்தி, அதோட நிறுத்திருவாங்க.”

செய்தி முடிந்தது. அடுத்த நிகழ்ச்சியின் இசை தொடங்குமுன் அவர் கை நீண்டு சுவிட்சை அணைத்தது.